பொம்பளை சிரிச்சா என்ன போச்சு?

(சிவகிரியில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஊறுகாய் தயாரிக்கும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. பேசியபடியே எழுதி, சற்றுச் சுருக்கி வெளியிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஊடகத்தில் பெண்கள்'. ஊடகம்னா எனக்குத் தெரிஞ்சது டிவி ஒண்ணுதான். அதுவும் பாத்திரம் கழுவி, பால் உறை ஊத்தி, எல்லாரும் படுத்த பிறகு ரிமோட் நம்ம கைக்கு வருமே, அந்த நேரத்து டிவி. அந்த நேரத்துல நான் அழுகை சீரியல் பாக்க மாட்டேன். பகல்ல பாத்தது போதாதா? காமெடி ஓடுற சேனலாப் பாத்து வைப்பேன். அதனால நம்மளைச் சிரிக்க வச்ச பெண்களைப் பத்தியே பேசிட்டு, கடைசியில நம்ம கூட்டமைப்பு சம்பந்தமா ஒரு விஷயத்தைக் கேக்கப் போறேன்.

சின்ன வயசுல நான் சத்தமாச் சிரிச்சா எங்க ஆச்சி ஒரு பழமொழி சொல்வா. "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு." நீங்களும் கேட்டிருப்பீங்க. எங்க அம்மா பீடி சுத்துறவ. முறத்துல இலையும் தூளும் இல்லாத நாளை நான் பாத்ததில்லை. அவ ஒருநாள் திருப்பிச் சொன்னா, "புகையிலையை விரிச்சுத்தான் இந்த வீட்ல உலை வச்சோம். ஒண்ணும் போகலை. அவ சிரிச்சாலும் ஒண்ணும் போகாது, விடுங்க." மாமியாரை எதிர்த்து எங்க அம்மா பேசி நான் கேட்டது அது ஒண்ணுதான்.

இப்ப நான் சொல்லப் போற ஆச்சி வேற. நம்ம திருநெல்வேலிச் சீமையில ஆச்சின்னா பாட்டி. செட்டிநாட்டுப் பக்கம் ஆச்சின்னா மரியாதைக்குரிய பெண். தமிழ்நாடே ஆச்சின்னு கூப்பிட்டது மனோரமாவை.

மனோரமா 1937-ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்தார். கோபிசாந்தா என்பது இயற்பெயர். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அம்மா கைக்குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். அங்கே அம்மா வீட்டு வேலை பார்த்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மகளும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குப் போனார். நல்லாப் பாடுவார் என்பதால் ஊருக்கு வந்த நாடகத்தில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. ஊர் ஊராக நாடகம், ராத்திரி முழுக்க வேஷம். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தார். பிற்பாடு எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ராமாராவ் ஆகியோரோடு சினிமாவில் நடித்தார். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகியாக ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட இருபது வயதுப் பெண்ணுக்கு அது ஏமாற்றமாகத்தானே இருக்கும்? கதாநாயகிக்கு மூன்று நான்கு வருஷம்தான், சிரிக்க வைத்தால் நீண்ட காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் தன்னிடம் சொன்னதாக மனோரமாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்துவிட்டார். நின்றது சிரிப்புதான். 1985-ல் ஆயிரம் படங்கள் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. 'புதிய பாதை' படத்துக்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி காலமானார்.

இடையில் ஒரு வாழ்க்கையும் இருந்தது. 1964-ல் கல்யாணம், ஒரு மகன், 1966-ல் விவாகரத்து. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. அதில் ஜில் ஜில் ரமாமணியாக வந்து அந்தக் குலுக்கும் தளுக்குமாகப் பேசி நம்மைச் சிரிக்க வைத்தாரே, அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சின்னக் குழந்தை. சிவாஜியும் பத்மினியும் நடித்த படத்தில் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது எது என்று என்னைக் கேட்டால் நான் ஜில் ஜில்லைத்தான் சொல்வேன். யாரும் சண்டைக்கு வராதீங்க.

அதே வருஷம் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் தானே சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினார். செட்டிநாட்டுப் பேச்சு, மெட்ராஸ் பேச்சு, கொங்குப் பேச்சு என்று எந்த ஊர்ப் பேச்சாக இருந்தாலும் அந்த ஊர்க்காரி பேசுவது போலவே இருக்கும். ஊர் ஊராக நாடகம் போட்டவருக்குக் காது கூர்மை. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் காது இருக்கு! போன மாசம் நம்ம குழுவில் ஒரு தங்கச்சி, பேங்க் சார் பேசுற மாதிரியே பேசிக் காட்டினா. கடன் மறுத்த வருத்தத்தையே மறந்து சிரிச்சோம்.

இன்னொரு படம் சொல்லாம விட முடியாது. 1986-ல் விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்'. அதில் மனோரமா வேலைக்காரி கண்ணம்மா. அந்த வீட்டுக்குள்ளே அப்பாவும் பிள்ளையும் கோடு கிழித்துப் பிரிந்து கிடப்பார்கள். படித்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத சூட்சுமம் கண்ணம்மாவுக்குத் தெரியும். முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்தி வீட்டுக்காரரிடம் ஒரு பொய்ச் சண்டையை ஆரம்பித்து, அந்த ஆளைத் திணறடித்துக் காரியத்தை முடிப்பாரே, அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. வீட்டு வேலை பார்த்த அம்மாவையும், வீட்டு வேலை பார்த்த தன்னையும் மனசில் வைத்துக்கொண்டுதான் நடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அதில் யாரும் வேலைக்காரியைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வேலைக்காரி சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறோம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம காமெடியில பாதி, பெண்ணோட நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யறதுதான். கறுப்பா இருந்தா ஒரு சிரிப்பு, குண்டா இருந்தா ஒரு சிரிப்பு, மாமியான்னா ஒரு சிரிப்பு. நாமளும் சேர்ந்து சிரிச்சுட்டு, டிவியை அணைச்சதும் நம்ம பொம்பளைப் பிள்ளை கண்ணாடி முன்னால போய் நிக்கறதைப் பாக்கறோம். மனோரமாவும் அந்த மாதிரி வேடங்கள் போடாம இல்லை. சினிமாவுல இருந்துக்கிட்டு அது முடியாது. ஆனா வேடம் எதுவா இருந்தாலும் அந்தப் பொம்பளை முட்டாளாத் தெரிய மாட்டா.

கடைசிக் காலத்தில் சின்னத்திரைத் தொடர்களிலும் அவர் நடித்தார். ஆனால் அவருடைய டிவி வாழ்க்கை அதுவல்ல. 1975-ல் மெட்ராஸில் தூர்தர்ஷன் வந்தது. பஞ்சாயத்து டிவி முன்னால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க நாம் ஓடினோம். 1993-ல் சன் டிவி. 2006-லிருந்து அரசாங்கமே ஒரு கோடி வீடுகளுக்கு மேல் கலர் டிவி கொடுத்தது. பிறகு காமெடிக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் சேனல்கள் வந்தன. இத்தனையிலும் ஆச்சி வந்துகொண்டே இருந்தார். இறந்த பிறகும் வருகிறார். இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஒரு சேனலில் கண்ணம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இடையிடையே சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம்.

அந்த விளம்பரக் காசு யாருக்குப் போகுது?

இது எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி. கோயம்புத்தூரில் படிக்கிற என் மகளிடம் கேட்டேன். நம்ம நாட்டுச் சட்டப்படி படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு. அவர் டிவிக்கு விற்கலாம். டிவிக்காரர் விளம்பரம் வாங்கலாம். நடித்தவருக்கு நடித்தபோது பேசிய சம்பளம்தான். காட்சி நூறு தடவை ஓடினாலும் நடைமுறையில் அதற்கு மேல் வருவதில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதுகிறவருக்கும் இசை அமைக்கிறவருக்கும் கதை எழுதுகிறவருக்கும் ராயல்டி உண்டு, அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று ஆக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் அதற்குள் எத்தனை கையெழுத்துகள் போய்விட்டன!

தமிழ் டிவியிலேயே வேறு வழியில் போன பெண்ணும் உண்டு. சன் டிவியில் சனிக்கிழமை ராத்திரி 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பார்த்தோமே, எம்.எஸ்.பாஸ்கர் பட்டாபியாக வந்து வாயைக் கோணிக்கொண்டு பேசுவாரே, அந்தத் தொடரை உருவாக்கியவர் நடிகை ஸ்ரீபிரியா. எழுபதுகளில் ரஜினி, கமலோடு ஜோடியாக நடித்தவர். வயசானா அக்கா வேஷம், அம்மா வேஷம்னு சினிமா ஒதுக்கும். அவர் ஒதுங்கவில்லை. மாமியார் மருமகள் சண்டையை அழுகையாக எடுக்காமல் கூத்தாக எடுத்தார்.

இப்ப கடல் தாண்டிப் போறேன். பொறுத்துக்கோங்க, ஊறுகாய்க்குத்தான் வர்றேன்.

அமெரிக்காவில் லூசில் பால் என்று ஒரு நடிகை. 1911-ல் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா டைபாய்டில் இறந்துபோனார். சினிமாவுக்கு வந்து ஆர்.கே.ஓ. என்ற ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருந்தார். பெரிய படம் கிடைக்கவில்லை. நாற்பது வயதை நெருங்கும்போது ரேடியோ நாடகம் ஒன்றில் நகைச்சுவை மனைவியாகப் பேசிப் பேர் வாங்கினார். டிவி அப்போதுதான் வீடுகளுக்குள் வருகிறது. சி.பி.எஸ். என்ற கம்பெனி அதையே டிவியில் செய்யச் சொன்னது. சரி, ஆனால் கணவனாக என் சொந்தக் கணவர்தான் நடிக்க வேண்டும் என்றார் லூசி. கணவர் டெசி அர்னாஸ் கியூபா நாட்டுக்காரர், உடைந்த இங்கிலீஷ் பேசுகிற பாட்டுக்காரர். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இப்படி ஒரு புருஷன் என்றால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று கம்பெனி தயங்கியது. இருவரும் 1950-ல் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்துக் காட்டினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். 1951 அக்டோபர் 15-ஆம் தேதி 'ஐ லவ் லூசி' தொடங்கியது.

அதில் ஒரு காட்சியை என் மகள் போனில் போட்டுக் காட்டினாள். பாஷை புரியவே வேண்டாம். 1952-ல் வந்த பகுதி. பெண்டாட்டிமார் செலவாளி என்று புருஷன்மார் குறை சொல்ல, ஒரு வாரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்று பந்தயம். ஆம்பளைகள் வீட்டு வேலை, பொம்பளைகள் சம்பாத்தியம். லூசியும் பக்கத்து வீட்டுத் தோழியும் மிட்டாய் பேக்டரிக்குப் போகிறார்கள். பட்டையில் சாக்லேட் ஒவ்வொன்றாக வரும், தாளில் சுற்றி வைக்க வேண்டும். ஒன்று சுற்றாமல் தப்பினாலும் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் அம்மா போகிறாள். முதலில் மெதுவாக வருகிறது. அப்புறம் வேகம் ஏறுகிறது. கை ஓடவில்லை. லூசி வாயில் போடுகிறாள், தொப்பிக்குள் போடுகிறாள், சட்டைக்குள் திணிக்கிறாள். சூப்பர்வைசர் திரும்பி வந்து பட்டை காலியாக இருப்பதைப் பார்த்து, சபாஷ், இன்னும் வேகமாக விடு என்று உள்ளே கத்துகிறாள். அங்கே வீட்டில் ஆம்பளைகள் அளவு தெரியாமல் அரிசியைக் கொட்டி, சோறு பொங்கி அடுப்பு, தரை எல்லாம் வழிகிறது.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அக்காமார் இங்கே இருக்கீங்க. இதைப் பார்த்தால் நீங்க சிரிப்பீங்களா அழுவீங்களான்னு எனக்குத் தெரியாது. நான் இரண்டும் செய்தேன். எழுபது வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவில் எடுத்த காட்சி, நேத்து நம்ம ஊர் ஆபீசில் நடந்த மாதிரி இருக்கு.

அந்தத் தொடர் நடக்கும்போதே லூசி கர்ப்பமானார். அந்தக் காலத்து டிவியில் வயிற்றோடு ஒரு பெண் வருவதே கூடாது. வயிற்றை மறைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். இவர்கள் மறைக்க மாட்டோம் என்று கதையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை! பாதிரியாரிடமும் யூத குருவிடமும் கதையைக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். 1953 ஜனவரி 19-ஆம் தேதி பகலில் லூசிக்கு நிஜமாகவே மகன் பிறந்தான். அன்று ராத்திரி டிவியில் குழந்தை பிறக்கும் பகுதி ஓடியது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. தொடர் தொடங்குவதற்கு முன்னால் நடந்த ஒரு பேச்சுவார்த்தை.

அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்பாகும். மற்ற ஊர்களுக்கு, டிவித் திரையையே படம் பிடித்து அனுப்புவார்கள். மங்கலாக இருக்கும். ஒரு தடவையோடு சரி. லூசியும் டெசியும் கலிபோர்னியாவை விட்டு வரமாட்டோம், சினிமா பிலிமிலேயே மூன்று கேமரா வைத்து, ஜனங்களை உட்காரவைத்து எடுப்போம் என்றார்கள். செலவு கூடும் என்றது கம்பெனி. அதற்கு இவர்கள், எங்கள் சம்பளத்தில் வாரம் 1000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், எடுத்த பிலிம் எங்கள் பேரில் இருக்கட்டும் என்றார்கள். கம்பெனி சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. ஒரு தடவை ஓடிய பிலிம் பெட்டியில் கிடக்கத்தானே போகிறது, யாருக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

பெட்டியில் கிடக்கவில்லை. 1957 வரை 180 பகுதிகள் எடுத்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டாலும் ஜனங்கள் பார்த்தார்கள். ஒளிபரப்பிய அதே கம்பெனி பிறகு அந்தப் பிலிம்களை 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து இவர்களிடமிருந்தே வாங்க வேண்டி வந்தது. இவர்கள் ஒரு ஸ்டுடியோவை வாங்கினார்கள். எந்த ஸ்டுடியோ தெரியுமா? ஆர்.கே.ஓ.! லூசி மாதச் சம்பளத்துக்கு இருந்த அதே இடம். 1960-ல் இருவருக்கும் விவாகரத்து ஆனது. 1962-ல் கணவரின் பங்கையும் விலைக்கு வாங்கி, அவ்வளவு பெரிய ஸ்டுடியோவைத் தனியாக நடத்திய முதல் பெண் ஆனார். காலையில் கணக்கு, சாயங்காலம் கோமாளி வேஷம். 1967-ல் நல்ல விலைக்கு விற்றார். 1974 வரை வேறு வேறு தொடர்களில் வந்தார். 1986-ல் எழுபத்தைந்து வயதில் ஒரு தொடர் தொடங்கி, ஓடவில்லை, எட்டுப் பகுதியோடு நிறுத்திவிட்டார்கள். 1989-ல் காலமானார்.

லூசி செய்தது எல்லாம் சரின்னு நான் சொல்லலை. அந்தப் பிலிம்களை அவர்கள் விற்றது அவசரம்னு எனக்குத் தோணுது. வாங்கின கம்பெனி அதை வச்சு எத்தனை வருஷம் சம்பாதிச்சுது! அப்புறம், வாரம் 1000 டாலரை விட்டுக்கொடுக்க ஒருத்தருக்கு முடியணும்னா அவர் கையில வேற காசு இருக்கணும். பள்ளத்தூரில் வீட்டு வேலை பார்த்துட்டு நாடகத்துக்கு வந்த ஒரு பெண், சம்பளத்தைக் குறைச்சுக்கோங்க, உரிமையைக் குடுங்கன்னு கேட்டிருக்க முடியுமா? கேட்டிருந்தா வேற ஆளைப் போட்டிருப்பாங்க. அதனால ஆச்சியைக் குறை சொல்ல நான் வரலை.

குறை சொல்லணும்னா என்னைத்தான் சொல்லணும். பாதிப் பேருக்குத் தெரிஞ்ச கதை. புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்.

2014-ல் நம்ம குழு எலுமிச்சை ஊறுகாய் போட ஆரம்பிச்சுது. புளியங்குடி மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு, பழத்துக்குப் பஞ்சமில்லை. பெருங்காயம் கூட, வெந்தயம் கம்மி, நல்லெண்ணெய் மட்டும். எங்க அம்மா கைப்பக்குவம். ஒரு வியாபாரி வந்தார். பேரு வேண்டாம். போடுறது மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கறோம், நீங்க அலைய வேண்டாம், எங்க லேபிள் ஒட்டிக்கறோம்னார். மூணு பக்கத் தாள், முழுக்க இங்கிலீஷ். ஊக்குநர்னு முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். எனக்குக் கீழ பிரதிநிதிகள் ரெண்டு பேரும் போட்டாங்க. வாசிச்சது யாருன்னா, ஒருத்தரும் இல்லை. முன்பணம் மேசை மேல இருந்துச்சு. நாங்க அதைப் பாத்துக்கிட்டிருந்தோம்.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் அவர் வேற இடத்துல ஊறுகாய் வாங்க ஆரம்பிச்சுட்டார். சரி, நம்மளே விப்போம்னு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ராஜபாளையம் கடைக்குப் போனா, கடைக்காரர் ருசி பாத்துட்டுக் கேட்டார், "என்னம்மா, அந்தக் கம்பெனி ஊறுகாயைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கீங்களா?" எங்க ஊறுகாயை நாங்களே காப்பி அடிச்சோமாம்! பிறகுதான் தாளைக் கொண்டுபோய் ஒருத்தர்கிட்ட வாசிக்கக் கொடுத்தோம். மூணு வருஷத்துக்கு இந்த வகை ஊறுகாயை வேற பேர்ல விக்கக் கூடாதுன்னு ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சு. பழத்துக்கும் ஜாடிக்கும்னு உள்கடன் வாங்கியிருந்த ஒரு அக்கா, அந்தக் கடனை அடைக்கக் காதுல கிடந்ததை வித்தா. அவ இன்னிக்கு இங்க உக்காந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அந்த மூணு வருஷம் முடிஞ்சு, சான்றிதழ் வாங்கி, சொந்த லேபிள்ல கொஞ்சம் கொஞ்சமா விக்கறோம். மாசத்துக்கு நூறு கிலோ தாண்டறதே பெரிய பாடு. இப்ப மறுபடி ஒரு கம்பெனி வந்திருக்கு. அவங்க ரெண்டு விலை சொல்றாங்க. அவங்க லேபிள்னா கிலோவுக்கு ஒரு விலை. நம்ம பேர்லயே கடைக்கு அனுப்பினா அதைவிடக் கிலோவுக்கு எட்டு ரூபா கம்மி, விக்காம திரும்பி வந்தா நஷ்டம் நமக்கு.

போன கூட்டத்துல பெரும்பாலும் கூடுதல் விலையைத்தான் கேட்டீங்க. அதுல தப்பு இல்லை. பிள்ளைக்குப் பீஸ் கட்டணும், வட்டி கட்டணும். எட்டு ரூபா லேசு இல்லை. நான் லூசி கதையைச் சொல்லி உங்களை இழுக்கப் பாக்கறேன்னு ஒரு மயினி முன் வரிசையில முணுமுணுக்கறா, கேக்குது. ஆமா, இழுக்கத்தான் பாக்கறேன். நம்ம பேர் பாட்டில்ல இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா ஏற்கனவே ஒரு தடவை உங்களைத் தப்பா இழுத்தவ நான்தானே. அதனால இந்தத் தடவை என் ஓட்டு ஒண்ணே ஒண்ணு. முடிவு எதுவானாலும் தீர்மானப் புத்தகத்துல எழுதுவோம்.

பாதி அவங்க லேபிள், பாதி நம்ம லேபிள்னு கேட்டுப் பாக்கலாமேன்னு நம்ம கணக்காளர் தங்கச்சி சொன்னா. நல்ல யோசனை. கேட்டிருக்கேன், பதில் வரலை. தாளைத் தமிழ்ல எழுதித் தரணும்னும் கேட்டிருக்கேன். வர்ற பதினஞ்சாம் தேதி கூட்டத்துல அதை முழுசா, ஒரு வரி விடாம வாசிப்போம். எழுத வாசிக்கத் தெரியாத அக்காமார் முன்னால உக்காருங்க, புரியாத வரியை நிறுத்தச் சொல்லுங்க. கம்பெனிக்காரர் அன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். முன்பணமும் அன்னிக்கு மேசைக்கு வராது. மறக்காம மூக்குக்கண்ணாடியைக் கொண்டு வாங்க. பேனா அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வந்தாப் போதும்.

சாப்பாடு தயார்னு சொல்றாங்க. தொட்டுக்க நம்ம ஊறுகாய்தான், ரெண்டு ஜாடி வச்சிருக்கோம். மோர்தான் பத்தாதாம், பின்னால இருக்கறவங்க கொஞ்சம் முந்தி எந்திரிங்க.